இடம் இல்லையா, மனம் இல்லையா?

"இடமில்லை, இறங்குங்கள்! இறங்கினால்தான் வண்டி புறப்படும்!"

2022ஆம் ஆண்டு சூன் மாதம், பெந்தெகொஸ்தே விடுமுறையின்போது, ஜெர்மன் நாட்டு இரயில் நிலையங்கள் பலவற்றிலே எழுந்த குரல் இத்தகையது. பிளாட்பாரம் நிறைய மக்கள். பெட்டியின் படிக்கட்டு வரை மக்கள். சைக்கிளோடு வந்தவர்கள் ஏற வகையின்றி நின்றனர். குழந்தை வண்டியோடு வந்த தாய்மார் அடுத்த வண்டி வருமா என்று பார்த்தனர். அளவுக்கு மீறி ஆட்கள் ஏறியதால் சில வண்டிகள் நகராமலே கிடந்தன. ஒழுங்குக்கும் காலந்தவறாமைக்கும் பெயர்போன நாடு என்று நாமெல்லாம் பாடப் புத்தகத்திலே படித்த நாடு அது. அங்கேயா இந்தத் தள்ளுமுள்ளு? என்ன நேர்ந்துவிட்டது? ஊரைவிட்டு மக்கள் ஓடும்படி போர் மூண்டதா? இல்லை. தேர்த் திருவிழாவா? அதுவுமில்லை. பயணச் சீட்டின் விலையைக் குறைத்தார்கள். அவ்வளவே!

அந்த ஆண்டு பிப்ரவரியில் உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்தது. அதன் விளைவாக ஐரோப்பாவெங்கும் எரிபொருள் விலை ஏறிற்று. மக்களின் சுமையைக் குறைக்க வழி தேடிய ஜெர்மன் சர்க்கார், சூன், சூலை, ஆகஸ்டு ஆகிய மூன்று மாதங்களுக்கு ஒரு திட்டம் வகுத்தது. மாதத்துக்கு 9 யூரோ கொடுத்தால் போதும். நாடு முழுவதிலும் நகரப் பேருந்து, டிராம் வண்டி, சுரங்க இரயில், வட்டார இரயில் எதில் வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். நெடுந்தூர விரைவு வண்டிகளுக்கு மட்டும் அந்தச் சீட்டு செல்லாது. 9 யூரோ என்பது நம் நாணயத்தில் அன்று எழுநூறு ரூபாய்ச் சொச்சம். அந்நாட்டு உணவு விடுதியிலே ஒருவர் ஒரு வேளை உண்ணக் கொடுக்கும் தொகை. மூன்று மாதங்களில் 5 கோடியே 20 லட்சம் சீட்டுகள் விற்றன. ஏற்கெனவே மாதச் சந்தா வைத்திருந்த ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கும் அதே சலுகை தானாகவே கிடைத்தது. இரயில் பயணம், சூன் மாதத்தில் மட்டும், தொற்றுநோய்க்கு முந்திய 2019ஆம் ஆண்டின் அதே மாதத்தைவிட 42 விழுக்காடு உயர்ந்ததாக அந்நாட்டுப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

நெரிசலைக் கண்டதும் நெற்றியைச் சுருக்கியோர் பலர். "பார்த்தீர்களா? மலிவாக்கினால் இதுதான் கதி! வேலைக்குப் போகிறவன் நிற்கிறான். வேடிக்கை பார்க்கப் போகிறவன் உட்கார்ந்திருக்கிறான். விலை என்ற ஒன்று இருந்தால்தான் தேவையுள்ளவன் மட்டும் வருவான்" என்பது அவர்கள் வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று இது. முதலில் கேட்டபோது நாமும் சிறிது தயங்கத்தான் செய்தோம். பொதுவான பொருளைப் பலரும் ஒரே நேரத்தில் விரும்பினால், அது யாருக்கும் பயன்படாமற் போய்விடாதா? இருக்கிற இடத்தை யாருக்குத் தருவது, எந்த நியாயத்தின்படி தருவது? இரயில்வே அதிகாரிகள் மட்டும் தீர்க்கும் கணக்கல்ல இது. அறத்தைப் பற்றிய கேள்வி. ஆகவே ஆர அமர எண்ணிப் பார்ப்போம்.

இடம் குறைவாகவும் விரும்புவோர் மிகுதியாகவும் உள்ள இடத்திலே, யாரையேனும் வெளியே நிறுத்தித்தான் ஆகவேண்டும். அந்த வேலையைச் செய்ய இரண்டு வாயிற்காவலர் உண்டு. ஒருவன் பெயர் விலை; மற்றவன் பெயர் நெரிசல். நெரிசல் என்ற காவலன் முரடன். வண்டியின் வாயிலிலே நின்று, ஊரறிய, உலகறிய, "போ வெளியே" என்று தள்ளுகிறான். பத்திரிகைக்காரர் படம் எடுக்கிறார்கள். சட்டசபையிலே கேள்வி எழுகிறது. விலை என்ற காவலனோ நாகரிகம் மிக்கவன். அவன் இரயில் நிலையத்துக்கே வருவதில்லை. ஏழையின் வீட்டு வாசலிலே நிற்கிறான். "நோயாளித் தாயைப் பார்த்துவிட்டு வரலாமா?" என்று எண்ணும் மகனிடம், "குழந்தைகளுக்கு ஒருநாள் கடற்கரையைக் காட்டலாமா?" என்று எண்ணும் கூலிக்காரப் பெண்ணிடம், மெல்லக் காதோடு காதாகச் சொல்கிறான்: "உன்னால் முடியாது, உட்கார்!" அவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதைப் படமெடுக்க எவரும் வருவதில்லை. பெட்டி காலியாக இருக்கிறது, பார்ப்பவர், "ஆகா, என்ன ஒழுங்கு!" என்கிறார்.

அந்த ஒழுங்கிலே எத்தனை பேருடைய ஆசை அமுக்கப்பட்டிருக்கிறது என்பது, விலை என்ற காவலன் மூன்று மாதம் விடுப்பிலே போனபோதுதான் தெரிந்தது. 9 யூரோச் சீட்டு புதிதாக மக்களைப் படைத்துவிடவில்லை. இருந்த மக்களைக் கண்ணுக்குக் காட்டியது. நெரிசல் என்று நாம் சொல்வது, அதுவரை கணக்கில் வராமற் கிடந்த தேவையின் கணக்கு.

அந்தக் கணக்கைக் கண்டு கலங்கியவர்களுள் சில்ட் தீவின் சீமான்களும் உண்டு. ஜெர்மனியின் வடகோடியிலே, வடகடலில் உள்ள தீவு அது. கோடீசுவரர்களின் கோடை மாளிகைகளுக்குப் பெயர்போனது. 1927ஆம் ஆண்டு கடலின் குறுக்கே போட்ட அணைமீது இரயில் அங்கே போகிறது. ஹாம்பர்க் நகரிலிருந்து போகும் வட்டார வண்டியில் 9 யூரோச் சீட்டு செல்லும் என்று தெரிந்ததும், கிழிந்த சட்டையும் வண்ணந்தீட்டிய தலைமுடியுமாக இளைஞர் கூட்டமொன்று தீவுக்குச் சென்று, ஊர் நடுவே கூடாரமடித்துத் தங்கிவிட்டது. கோடையெல்லாம் அதுவே பேச்சு. அவர்கள் இரைச்சலிட்டார்கள், குப்பை போட்டார்கள் என்பன முறையீடுகள். அவற்றிலே உண்மையும் இருக்கலாம். குப்பை போடுவதை நாம் போற்றவில்லை. ஆனால் ஒன்று கேட்போம்: கடல் யாருடையது? காற்று யாருடையது? மணலை யார் நெய்தார்? காசுள்ளவன் மட்டும் வந்தபோது 'அமைதி' என்றும், காசில்லாதவன் வந்ததும் 'படையெடுப்பு' என்றும் பெயர் மாறுவது ஏன்?

இந்தக் கலக்கம் நமக்குப் புதிதன்று. நம் நாட்டு இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலே பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்கு வேறு இடம் என்று பிரித்துவைத்த காலம் உண்டு. அதை எதிர்த்துப் பெரியார் முழங்கியபோது, "எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தால் ஒழுங்கு என்னாவது?" என்று கேட்டவர்களும் உண்டு. அங்கே சாதியை வைத்து வகுத்த வரிசை. சில்ட் தீவிலோ காசை வைத்து வகுத்தது. இரண்டும் ஒன்றே என்று சொல்லமாட்டோம்: காசை ஒருவன் என்றேனும் தேடிக்கொள்ளக்கூடும், பிறப்பை மாற்றிக்கொள்ள இயலாது. ஆயினும், அருகில் வந்து அமர்பவனைக் கண்டு முகஞ்சுளிக்கும் குணம் மட்டும் இரண்டிடத்திலும் ஒன்றுதான்.

விலை என்ற காவலனிடம் தப்பி உள்ளே நுழைந்தவன் கதி என்ன தெரியுமா? ஜெர்மன் குற்றவியல் சட்டத்திலே 265அ என்று ஒரு பிரிவு உண்டு. 1935இல், இட்லரின் ஆட்சியிலே சேர்த்தது. சீட்டின்றி வண்டி ஏறுவது அதன்படி குற்றம். அபராதம் விதிப்பார்கள். அபராதம் கட்ட வழியற்றவன் சிறைக்குப் போகவேண்டும். காசில்லாததால் சீட்டு வாங்காதவன், காசில்லாததால் அபராதமும் கட்டாதவன், காசில்லாததற்காகவே கம்பி எண்ணுகிறான்! 2021 இறுதியிலே 'விடுதலை நிதி' என்ற பெயரில் ஓர் அமைப்பு தோன்றி, நன்கொடை திரட்டி, அபராதத்தைக் கட்டி, இத்தகையோரை நூற்றுக்கணக்கில் சிறையினின்று மீட்டிருக்கிறது. கிடைக்காத சில யூரோ கட்டணத்துக்காக ஒரு மனிதனைச் சிறையில் வைத்துச் சோறுபோட ஆகும் செலவு எவ்வளவு? அந்தக் கணக்கை மலிவுச் சீட்டின் பகைவர்கள் மட்டும் போட்டுப் பார்ப்பதில்லை.

அந்த ஆகஸ்டு மாதம், திட்டத்தை நீட்டிக்கலாமா என்று கேட்டபோது, அன்றைய நிதியமைச்சர் கிறிஸ்தியான் லிண்ட்னர் 'இலவச மனப்பான்மை' வளர்வதாகக் கூறி மறுத்தார். மலிவுச் சீட்டுக்கு ஈடாக மத்திய சர்க்கார் மாநிலங்களுக்குக் கொடுத்தது 250 கோடி யூரோ. அதே மூன்று மாதங்களில் பெட்ரோல், டீசல் வரியையும் குறைத்தார்கள். அதனால் கஜானாவுக்கு வந்த இழப்பு 300 கோடி யூரோவுக்கும் மேல். பெரிய காருக்குப் பெரிய சலுகை, சிறிய காருக்குச் சிறிய சலுகை, கார் இல்லாதவனுக்கு ஒன்றுமில்லை! அந்தச் சலுகையை முன்மொழிந்தவரும் லிண்ட்னரே. அதற்கு மட்டும் மனப்பான்மை எதுவும் கெடவில்லை போலும்!

வியப்பென்னவென்றால், அதே கோடையில் நம் நாட்டிலும் அதே குரல் கேட்டது. 2022 சூலை 16ஆம் நாள், உத்தரப் பிரதேசத்திலே, பிரதமர் மோடி இலவசத் திட்டங்களை 'ரேவடி' என்னும் எள்ளு மிட்டாய்க்கு ஒப்பிட்டு எச்சரித்தார். பேசிய இடம் எது? 296 கிலோமீட்டர் நீளமுள்ள விரைவுச் சாலையின் திறப்பு விழா! சாலை வேண்டாம் என்பதன்று நம் வாதம். சாலையும் வேண்டும். ஆனால் கார் ஓடும் பாதைக்குப் பொதுப்பணம் போனால் அதற்குப் பெயர் முதலீடு. பேருந்தில் ஏறும் பெண்ணுக்குப் போனால் அதற்குப் பெயர் இலவசம். பெயர் சூட்டும் உரிமை எவர் கையில் இருக்கிறதோ, அவர்க்கேற்ற பெயர்!

தமிழ்நாட்டிலே 2021 மே மாதம் முதல், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளிலே பெண்கள் கட்டணமின்றிச் செல்கிறார்கள். 'ஓசிப் பயணம்' என்று அதை எள்ளி நகையாடுவோரை நாமும் கேட்டிருக்கிறோம். நாம் பாடம் சொல்லும் வகுப்பிலே ஒரு மாணவி. அவள் தாய் செங்கற் சூளையிலே வேலை செய்கிறாள். பெற்றோர் கூட்டம் என்றால் முன்பெல்லாம் தந்தைதான் வருவார், அதுவும் ஆண்டுக்கொரு முறை. பேருந்துக்குக் கொடுக்கும் காசு அந்த வீட்டிலே தந்தையிடம் கேட்டு வாங்கவேண்டிய காசு. இன்று அந்தத் தாய் தானே வருகிறாள், மகளின் கணக்கு நோட்டைப் புரட்டி, "இந்தப் பக்கம் ஏன் சார் சிவப்பாய் இருக்கு?" என்று கேட்கிறாள். அவளுக்குக் கிடைத்தது எட்டு ரூபாய்ச் சலுகை என்று கணக்கெழுதலாம். எவரிடமும் அனுமதி கேளாமல் வீட்டு வாசலைக் கடக்கும் உரிமை என்றும் எழுதலாம். இரண்டாவது கணக்கே சரி என்பது நம் துணிபு.

"ஏழைக்குத் தரட்டும், பணக்காரனுக்கும் ஏன் அதே விலை? பக்கத்து ஊருக்குப் போகிறவனுக்கும் நாட்டின் மறுகோடிக்குப் போகிறவனுக்கும் ஏன் அதே விலை?" என்று ஒரு கேள்வி. நல்ல கேள்வி. இங்கிலாந்திலே 1840இல், ரோலண்ட் ஹில் என்பவரின் யோசனைப்படி, உள்நாட்டுக் கடிதம் எத்தனை மைல் போனாலும் ஒரு பென்னி என்றாக்கினார்கள். நம் நாட்டிலே 1879இல் காலணா அஞ்சலட்டை வந்தது. பக்கத்துத் தெருவுக்கும் காலணா, பனிமலை அடிவாரத்துக்கும் காலணா. அதனாலே அஞ்சல் அழிந்ததா? கடிதம் எழுதுவது கனவான்களின் காரியமாக இருந்தது போய், கடலை விற்பவன் காரியமும் ஆயிற்று. தூரத்துக்கேற்ற விலை என்பது கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நகரின் நடுவே வாடகை கொடுக்க இயலாமல் தொலைவிலே குடியிருப்பவன்தான் தூரத்துக்கேற்ற விலையை நாள்தோறும் செலுத்துகிறான்.

இன்னொன்று. ஏழைக்கு மட்டும் என்று சட்டம் போட்டால், ஏழை என்பதை அவன் மெய்ப்பிக்கவேண்டும். சான்றிதழுக்கு அலையவேண்டும், பரிசோதகர் முன்னே, பத்துப் பேர் பார்க்க, வறுமைச் சீட்டை நீட்டவேண்டும். அந்த மூன்று மாதமோ வங்கி முதலாளியின் கையிலும், அந்த வங்கியைக் கூட்டிப் பெருக்கும் பெண்ணின் கையிலும் ஒரே சீட்டு. பணக்காரனிடம் வாங்கவேண்டியதை வரியிலே வாங்கட்டும், வண்டியிலே வேண்டாம். ஒரே விலையின் உட்பொருள் சுயமரியாதை.

இவ்வளவும் சொன்னபின், மறுபக்கத்தை மறைத்தால் நாம் பகுத்தறிவாளராக மாட்டோம். நெரிசல் என்ற காவலனும் நல்லவனல்லன். விலை ஏழையைத் தள்ளுகிறது என்றால், நெரிசல் எளியவரைத் தள்ளுகிறது. சக்கர நாற்காலியிலே வருபவரும் தடியூன்றி வரும் முதியவரும் முண்டியடித்து ஏற இயலாது. இரவு முழுவதும் மருத்துவமனையிலே நின்று களைத்த செவிலி, வீடு திரும்பும் வண்டியிலும் நிற்கிறாள். கூட்டத்தின் கோபமெல்லாம் இரயில் தொழிலாளியின் தலையிலே விடிகிறது. விலையைக் குறைத்த அமைச்சர் அந்தப் பெட்டியிலே இல்லை. இரயிலே எட்டிப் பார்க்காத சிற்றூர்க்காரனுக்கு, 9 யூரோச் சீட்டு வெறும் அட்டைத் துண்டு. மலிவுச் சீட்டினால் கார்கள் எல்லாம் கொட்டகைக்குள் போய்விடவில்லை என்பதும் உண்மை. அச்சீட்டில் நடந்த பயணங்களிலே பத்தில் ஒன்றுதான் காருக்கு மாற்றாக அமைந்தது என்று ஜெர்மன் போக்குவரத்து நிறுவனங்களின் சங்கமே ஆய்ந்து கூறிற்று.

குற்றம் எங்கே? சீட்டு மலிந்ததிலா? 1994இல் இரயில்வேயைச் சீர்திருத்தி, வாணிப நிறுவனம்போல் நடக்கவேண்டும் என்றார்கள். அதன் பிறகு அந்நாட்டிலே 5,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இருப்புப் பாதை மூடப்பட்டது. செய்யவேண்டிய பழுதுபார்ப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததன் பலனாக, 2024இல் பிராங்க்பர்ட்டுக்கும் மான்ஹைமுக்கும் இடையே உள்ள முக்கியமான பாதையை ஐந்து மாதம் அடியோடு மூடிவைத்துச் செப்பனிட நேர்ந்தது. முப்பதாண்டுகளாகப் பாதையைச் சுருக்கியவர்கள், மூன்று மாதம் வந்து நின்ற மக்களைப் பார்த்து, "உங்களால்தான் நெரிசல்" என்பது என்ன நீதி? பானையிலே அரிசியைக் குறைத்தவன், பந்தியிலே உட்கார்ந்தவனைப் பெருந்தீனிக்காரன் என்று ஏசுவது போன்றதல்லவா?

வழி இல்லாமலில்லை. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவிலே, 2012இல் ஆண்டுச் சீட்டின் விலையை 449 யூரோவிலிருந்து 365ஆகக் குறைத்தார்கள். நாளொன்றுக்கு ஒரு யூரோ. விலையைக் குறைத்ததோடு நின்றுவிடவில்லை. அதே ஆண்டு, தொழிலாளரை வேலைக்கு வைத்திருப்போர் ஆளுக்கு வாரம் 2 யூரோ செலுத்தவேண்டும் என்று வரியை உயர்த்தினார்கள்; கார் நிறுத்தும் கட்டணம் வாங்கும் பகுதிகளை விரித்தார்கள். சுரங்க இரயிலை 2013இலும் 2017இலும் புறநகர் வரை நீட்டினார்கள். சீட்டு வாங்கியோர் தொகை இருமடங்குக்கு மேலாயிற்று. வியன்னாவிலும் கூட்டம் உண்டு. ஆனால் கூட்டத்தைக் கண்டு அவர்கள் கதவைச் சாத்தவில்லை, பாதையை நீட்டினார்கள்.

ஜெர்மனியிலே, 9 யூரோச் சீட்டு ஆகஸ்டு 31ஆம் நாளோடு முடிந்தது. மக்கள் விடவில்லை, 2023 மே மாதம் 'ஜெர்மனிச் சீட்டு' என்ற பெயரிலே மாதம் 49 யூரோவுக்கு மீண்டும் வந்தது. 1 கோடியே 30 லட்சம் பேருக்குக் குறையாமல் அது போய்ச் சேர்ந்தது. 2025 சனவரியில் 58 யூரோ. 2026 சனவரியில் 63 யூரோ. முன்னிருந்த நிலைக்கு அது எவ்வளவோ மேல். நாடு முழுவதற்கும் ஒரே சீட்டு என்பது பெரிய வெற்றிதான். ஆயினும், 9 யூரோ கொடுக்க முடிந்து 63 யூரோ கொடுக்க முடியாதவர்கள் எங்கே போனார்கள்? வீட்டுக்குத்தான். விலை என்ற காவலன் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டான். பெட்டியிலே இடமிருக்கிறது, பிளாட்பாரத்திலே கூச்சலில்லை, பத்திரிகையிலே படமில்லை.

ஆகவே நாம் கூறுவது இது. மலிவுச் சீட்டு மட்டுமே நீதியாகிவிடாது. அது பாதி நீதி. கதவைத் திறந்துவிட்டு உள்ளே நாற்காலி போடாதவன் விருந்தோம்பியவனாக மாட்டான். ஆனால் நாற்காலி போதவில்லை என்பதற்காகக் கதவைச் சாத்துகிறவன், அந்தப் பாதியையும் பறிக்கிறான். நெரிசலைக் கண்டதும், "இவர்கள் ஏன் வந்தார்கள்?" என்று கேட்பது ஆதிக்கத்தின் பழக்கம். "இத்தனை நாள் இவர்கள் ஏன் வரவில்லை?" என்று கேட்பதே அறத்தின் தொடக்கம்.

நம் ஊர்ப் பேருந்து நிறுத்தத்திலும் நாளைக் காலை கூட்டம் நிற்கும். கூடையோடு ஒருத்தி, குழந்தையோடு ஒருத்தி, புத்தகப் பையோடு ஒரு சிறுமி. நெரிசலிலே நமது சட்டை கசங்கும், முகஞ்சுளிக்கத் தோன்றும். அப்போது, தோழர்களே, ஒரு நொடி எண்ணிப் பாருங்கள்: இவர்கள் நேற்றுவரை எங்கிருந்தார்கள்? எண்ணிய பின், கேட்கவேண்டியதை, கேட்கவேண்டியவரிடம் கேளுங்கள்: "இன்னொரு வண்டி எங்கே?"